கார்டு பாக்குற எமர்ஜென்சி டாக்டர் யாருன்னு கேக்குறவங்களுக்கு

தமிழ்நாடு-கேரளா எல்லைல, களியக்காவிளைக்குப் பக்கத்துல ஈ-சேவை மையம் வெச்சிருக்கேன். வருமானச் சான்று, ரேஷன் கார்டுல பேரு சேக்குறது, ஆதார் சமாச்சாரம், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக் கார்டை டவுன்லோட் பண்ணி லேமினேட் போட்டுக் குடுக்குறது, இதுதான் பொழப்பு. கார்டைக் கைல வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு முக்காவாசிப் பேரு கேக்குறது ஒரே கேள்விதான். "ராத்திரி நேரம் நெஞ்சு வலி கிஞ்சு வலின்னா இந்தக் கார்டு பாக்குற எமர்ஜென்சி டாக்டர் யாரு இருக்கா மக்களே? பேரு சொன்னா எழுதி வெச்சிக்கிடுவேன்." ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை காய்ஞ்சு போச்சு, அதான் இங்க எழுதிப் போடுறேன், இனிமே கேட்டா லிங்க் அனுப்பிருவேன்.

அப்படி ஒரு டாக்டரே கிடையாது. டாக்டர் கார்டு எடுக்குறதும் இல்ல, வேண்டாம்னு சொல்றதும் இல்ல. காப்பீட்டுத் திட்டத்துல சேர்றது ஆஸ்பத்திரி. அதுவும் ஆஸ்பத்திரி மொத்தமா சேந்துட்டுன்னு அர்த்தம் இல்ல, டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா சேரும். எலும்பு முறிவுக்குச் சேந்திருக்கும், இதயத்துக்குச் சேந்திருக்காது. கிட்னிக்கு இருக்கும், தலைல அடிபட்டதுக்கு இருக்காது. வாசல்ல மட்டும் "முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்ளப்படும்"னு பெருசா போர்டு தொங்கும். போர்டு பொய் இல்ல, ஆனா அது எந்த டிபார்ட்மெண்டுக்குன்னு அதுல எழுதியிருக்க மாட்டாங்க, நமக்கு வேண்டியது அந்த எழுதாத பாகம்தான்.

இதுல கேஷுவாலிட்டி டாக்டரோட நிலைமை இன்னும் விசேஷம். நம்ம நாட்டுல எமர்ஜென்சி மெடிசின்னு தனியா எம்டி படிப்புக்கு அங்கீகாரம் வந்ததே 2009லதான், அதுக்கு முன்னாடி அன்னிக்கு ட்யூட்டில யாரு இருக்காங்களோ அவிய பாப்பாவ. இப்ப பெரிய ஆஸ்பத்திரிகள்ல அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. ஆனா அவங்க வேலை என்ன, உயிரைப் புடிச்சு நிறுத்தி, என்ன வியாதின்னு கண்டுபுடிச்சு, சரியான டிபார்ட்மெண்ட்டுக்குக் கை மாத்தி விடுறது. காப்பீட்டு பேப்பர்ல வர்றது அதுக்கு அடுத்தாப்புல பாக்குற கார்டியாலஜியோ ஆர்த்தோவோதான். திட்டம் பைசா குடுக்குறது பேக்கேஜ் கணக்குல, இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு, இந்த ட்ரீட்மெண்டுக்கு இவ்வளவுன்னு. படுக்கைல அட்மிட் பண்ணாதான் அந்தக் கணக்கே தொடங்கும். சும்மா ஓபில காட்டிட்டு வந்தா கார்டுக்கு அங்க வேலை இல்ல.

ரெண்டும் சேர்றப்பதான் நம்ம ஆளுங்க மாட்டுறாங்க. பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போறீங்க, ஈசிஜி எடுக்குறாங்க, ரத்தம் எடுக்குறாங்க, சிடி ஸ்கேன் எடுக்குறாங்க, நாலு மணி நேரம் வெச்சுப் பாத்துட்டு "இது கேஸ் ட்ரபிள்தான், ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போலாம்"னு சொல்றாங்க. நல்ல செய்திதான், ஆனா அட்மிஷன் இல்ல, பேக்கேஜ் இல்ல, பில்லு முழுசும் நம்ம கைல. "கார்டு இருக்குன்னு சொன்னேனே"ன்னு மறுநாள் காலைல எங்க கடைல வந்து என்கிட்ட சண்டை போடுவாங்க, கார்டு அடிச்சுக் குடுத்தவ நான்தானே.

எங்க ஊரு கிடப்பு அப்படி. கிழக்க போனா நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ், மேற்க போனா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், எந்தப் பக்கம் போனாலும் டிராபிக் கழிச்சா முக்கா மணி நேரத்துக்குக் கொறையாது, மார்த்தாண்டத்துல மாட்டுனா அது வேற கணக்கு. இடையில குழித்துறையிலயும் தக்கலையிலயும் அரசு ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்துது, ஆனா சம்பந்தம் பண்றதுக்கு யாரும் செக்போஸ்ட் பாக்குறது இல்ல. எங்க அக்காவைக் குடுத்ததே பாறசாலைலதான். அதனால ஒரே குடும்பத்துல ரெண்டு ஸ்டேட் கார்டு. இங்க உள்ளவங்க கையில முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு, அங்க உள்ளவங்க கையில கேரள அரசோட காஸ்ப் காப்பீட்டுக் கார்டு, வயசானவங்க அதை காருண்யான்னுதான் சொல்லுவாங்க. நம்ம கார்டுக்கும் அப்படித்தான், 2009 ஜூலைல தொடங்குனப்ப கலைஞர் காப்பீடு, 2012 ஜனவரில முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடுன்னு மாத்துனாங்க, இன்னும் ஒருத்தர் கலைஞர் கார்டுன்னுவாரு, இன்னொருத்தர் அம்மா கார்டுன்னுவாரு, ரெண்டு பேரும் நீட்டுறது ஒரே கார்டு.

எல்லை தாண்டி கார்டு செல்லுமா? செல்லும், ஒரு நிபந்தனையோட. 2018 செப்டம்பர்ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்துது, வருசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அஞ்சு லட்சம். அந்தப் பட்டியல்ல பேரு இருக்குற குடும்பம் நாட்டுல எந்த ஸ்டேட்லயும் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில போய்ப் படுக்கலாம். தமிழ்நாட்டுத் திட்டத்தையும் கேரளத் திட்டத்தையும் அதோட இணைச்சுத்தான் ஓட்டுறாங்க. ஆனா ஸ்டேட் கார்டு வெச்சிருக்குற எல்லார் பேரும் மத்திய பட்டியல்ல இருக்கும்னு இல்ல. வருசம் 1,20,000க்குள்ள வருமானம்னு சான்று குடுத்து தமிழ்நாட்டுக் கார்டு வாங்கின ஒருத்தர் திருவனந்தபுரத்துல போயி நீட்டுனா, அங்க உள்ள கம்ப்யூட்டர்ல அவரு பேரே வராம போகலாம். அதனால கார்டு அடிக்க வர்றவங்க கிட்ட நானே சொல்லிருவேன், ஆயுஷ்மான் ஆப்ல ஆதார் நம்பர் போட்டுப் பாத்துருவோம், ரெண்டு நிமிசம், இல்லன்னா 14555க்குப் போன் அடிச்சுக் கேளுங்கன்னு. பேரு இருக்குன்னா மேற்க போலாம், இல்லன்னா கார்டை நம்பி மேற்க போக வேண்டாம்.

கல்யாணம் ஆன புதுப்பொண்ணுங்க விஷயம் இதுலயே தனிக் கதை. நெய்யாற்றின்கரைலருந்து இங்க கட்டிக் குடுத்த பொண்ணு, அந்த ஸ்டேட் ரேஷன் கார்டுல பேரு நீக்கி, நீக்கல் சான்று வாங்கி, இங்க சேத்து, அதுக்கப்புறம் காப்பீட்டுக் கார்டுல ஏத்தணும். நடுவுல அந்தப் பொண்ணு எந்த ஸ்டேட்லயும் இல்லாத மாதிரி கிடக்கும். பல வீட்டுல இதை முதல் பிரசவம் வரைக்கும் இழுப்பாங்க. பேரு வேற தொந்தரவு, அங்க உள்ள ஆதார்ல வீட்டுப் பேரு முன்னாடி நிக்கும், இங்க அப்பா பேரோட முதலெழுத்து நிக்கும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ரெண்டு ஆளு. கல்யாண ஆல்பம் வர்றதுக்கு முன்னாடி இதை முடிங்கன்னு மாமியாருங்ககிட்டயே சொல்லிருக்கேன், ஆல்பம்தான் முதல்ல வருது.

இனி அக்கா வீட்டு மாமா விஷயத்துக்கு வர்றேன், அக்காவோட மாமனாரு. மார்த்தாண்டத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்தவரு சாப்பாடு முடிஞ்சு நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குன்னாரு, வேர்த்துக் கொட்டுது, இடது கை தூக்க முடியல. ஆளாளுக்கு சோடா குடிங்கன்னு ஒரு கூட்டம், இஞ்சிச்சாறுன்னு ஒரு கூட்டம். அத்தான்தான் கார்ல ஏத்துனாரு. பக்கத்துல போர்டு தொங்குற ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனா, ரிசப்ஷன்ல இருந்த பிள்ள "இது கேரளா கார்டு, அதுவும் கார்டியாலஜிக்கு எங்ககிட்ட ஸ்கீம் கிடையாது, அட்வான்ஸ் கட்டுனா பாக்கலாம்"னு சொல்லிட்டு. அங்கயே நின்னு அரை மணி நேரம் பேச்சு. அத்தான் ஏடிஎம்முக்கு ஓடுறாரு, அக்கா போன்ல அழுவுறா, கூட வந்த சொந்தக்காரன் ஒருத்தன் "கேரளா கார்டு இங்க செல்லாது, நேரா பாறசாலைக்கு வண்டிய விடு"ன்னு வெப்ராளத்துல குதிக்கான். மாமா பாவம் சேர்ல உக்காந்து எல்லாரையும் மாறி மாறிப் பாத்துட்டு இருந்திருக்காரு.

கடைசில அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, போயி இறங்குன உடனே ஈசிஜி. அங்க இருந்த லேடி டாக்டர்கிட்ட அத்தான் கார்டை நீட்டியிருக்காரு, "அதைப் பாக்கெட்ல வைங்க, அவரைப் படுக்க வைங்க"ன்னு சொல்லிருக்காங்க, அவ்வளவுதான். மாத்திரை குடுத்தாங்க, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாங்க, பைசா கேக்கல, பேப்பர் கேக்கல, எந்த ஸ்டேட்டுன்னு கேக்கல. மாரடைப்புக்கு அந்த ஊசி வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுலயும் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல போட்டா பலன் ரொம்ப ஜாஸ்தி. பக்கவாதம்னா இன்னும் கெடுபிடி, கட்டி கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். ரிசப்ஷன்ல கார்டு பேசிக்கிட்டு நின்ன அரை மணி நேரம் அந்தக் கணக்குல போனதுதான். மாமாவை அங்கருந்து 108ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அட்மிட் ஆன பிறகுதான் கார்டு பேச்சே வந்துது. அவிய குடும்பப் பேரு ஆயுஷ்மான் பட்டியல்ல இருந்ததால ஸ்டென்ட் வரைக்கும் காப்பீட்டுல முடிஞ்சுது. இப்ப ஆளு ரப்பர் வெட்டப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதைத் தவிர மத்த எல்லாத்தையும் கேக்குறாரு.

அதுலருந்து கடைக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்றது இதுதான். உயிர் போற அவசரம்னா கார்டு எங்க செல்லும்னு யோசிச்சு வண்டிய திருப்பாதீங்க, பக்கத்துல உள்ள அரசு கேஷுவாலிட்டிக்குப் போங்க. அங்க கார்டு வேண்டாம். நெஞ்சு வலின்னா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை வெச்சிருக்காங்க, 2023ல வந்த இதயம் காப்போம் திட்டம், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூணும் சேத்து மொத்தம் 14 மாத்திரை, குடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. பாம்புக்கடிக்கும் அப்படித்தான், மலையோரம் தோட்ட வேலைக்குப் போறவங்க நோட் பண்ணிக்கோங்க, விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரிலதான் முதல்ல தேடணும், வைத்தியர் வீட்டுத் திண்ணைல இல்ல. முதல் உதவி முடிஞ்சு அடுத்து எங்க மாத்தப் போறோம்னு வர்றப்பதான் கார்டோட நேரம். அந்த இடத்துக்குத்தான் முன்கூட்டியே தயாரா இருக்கணும்.

எப்படித் தயாராகுறதுன்னா, சும்மா இருக்குற ஒரு நாள்ல முதலமைச்சர் காப்பீட்டு வெப்சைட்ல மாவட்டம் போட்டு ஆஸ்பத்திரி பட்டியல் பாருங்க, ஆஸ்பத்திரி பேரு மட்டும் பாக்காம பக்கத்துல எந்த ஸ்பெஷாலிட்டின்னு எழுதியிருக்குன்னு பாருங்க. ஆயுஷ்மான் வெப்சைட்லயும் அதே மாதிரி கேரளா, திருவனந்தபுரம் ஜில்லான்னு போட்டுப் பாக்கலாம். பாக்கத் தெரியலன்னா 1800 425 3993, இது நம்ம திட்டத்தோட இலவச நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, கேரளா பக்கம் திஷா ஹெல்ப்லைன் 1056. வெப்சைட்ல பாத்தது போதாது, பட்டியல் அப்பப்ப மாறும். உங்க வீட்டுல இதய நோயாளி இருந்தா, டயாலிசிஸ் ஆளு இருந்தா, நேர்ல ஒரு நடை போயி அங்க உள்ள காப்பீட்டு கவுண்டர்ல ஆரோக்கிய மித்ராவை, அதாவது திட்டத்து ஆளுங்களுக்கு உதவுறதுக்குன்னு அங்க இருக்குறவரைக் கேளுங்க. கேக்க வேண்டியது "கார்டு எடுப்பீங்களா" இல்ல. அப்படிக் கேட்டா எடுப்போம்னுதான் சொல்லுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னு வந்தா ஆஞ்சியோ பண்ண ஆளு இருக்கா, அது கார்டுல வருமா, கேஷுவாலிட்டில எடுக்குற ஸ்கேன் காசு அட்மிட் ஆனா கணக்குல சேருமா, ராத்திரி கவுண்டர்ல யாரு இருப்பா, இப்படிக் கேக்கணும். பகல் பத்து மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் மட்டும் உயிரோட இருக்குற கவுண்டர் நிறைய உண்டு. எமர்ஜென்சின்னா போன்லயே தகவல் சொல்லி அனுமதி வாங்கிட்டு ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்க வழி இருக்கு, பேப்பர் பின்னால குடுத்துக்கலாம், "காலைல கவுண்டர் திறந்தாத்தான் முடியும்"னு யாராச்சும் சொன்னா அங்கயே நின்னு அந்த 1800 நம்பருக்கு அடிங்க. திட்டத்துல அட்மிட் பண்ணிட்டு அட்வான்ஸ் கேட்டாலும் அதே நம்பர்தான்.

அமெரிக்கால நர்ஸா இருக்குற என் சித்தி மகள் கிட்ட இதைச் சொல்லிப் புலம்புனப்ப அவ சிரிச்சா. அங்க மெடிக்கெய்டுன்னு ஏழைங்களுக்கான அரசு இன்சூரன்ஸ், 1965லருந்து இருக்கு, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற வேற ரூல். "கார்டு எடுக்குற எமர்ஜென்சி டாக்டர்"ங்கிற கேள்வி அங்க நிஜமாவே அர்த்தம் உள்ளதாம், ஏன்னா ஆஸ்பத்திரி ஒரு பில் அனுப்பும், அங்க பாத்த எமர்ஜென்சி டாக்டரோட கம்பெனி தனியா இன்னொரு பில் அனுப்பும். ஆனா 1986ல ஒரு சட்டம் போட்டுருக்காங்க, எமர்ஜென்சிக்கு வந்த யாரையும் பைசா, இன்சூரன்ஸ் பாக்காம பரிசோதிச்சு நிலைமை சீராகுற வரைக்கும் ட்ரீட்மெண்ட் குடுக்கணும்னு. பக்கத்து ஸ்டேட்ல போயி விழுந்தாலும் எமர்ஜென்சின்னா சொந்த ஸ்டேட் மெடிக்கெய்டு பைசா குடுக்கணுமாம். அவ சொல்றதைக் கேக்கக் கேக்க, எல்லை ஊர்க்காரங்க தொயரம் எல்லா நாட்லயும் ஒண்ணுதான் போலன்னு தோணிச்சு.

நம்ம நாட்லயும் சட்டம் இல்லாம இல்ல. 1989ல சுப்ரீம் கோர்ட் பரமானந்த் கட்டாரா வழக்குல சொல்லிருக்கு, அரசு டாக்டரோ பிரைவேட் டாக்டரோ, அடிபட்டு வந்தவருக்கு முதல்ல உயிரைக் காப்பாத்துற ட்ரீட்மெண்ட், போலீஸ் பேப்பரெல்லாம் அப்புறம்னு. அந்த வழக்கு வந்த காரணமே, ஸ்கூட்டர்ல போய் அடிபட்ட ஒருத்தரைப் பக்கத்து ஆஸ்பத்திரி போலீஸ் கேஸுன்னு எடுக்காம 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வழியிலயே அவரு செத்துப்போனதுதான். 1996ல இன்னொரு தீர்ப்பு, மேற்கு வங்கத்துல ரயில்லருந்து விழுந்தவரை அரசு ஆஸ்பத்திரிகள் பெட் இல்லன்னு வரிசையா திருப்பி அனுப்பிருக்கு, அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டுது. ராத்திரி ரிசப்ஷன்ல நின்னு தீர்ப்பு பேரைச் சொன்னா கதவு திறந்துருமான்னு கேட்டா அதெல்லாம் இல்ல. ஆனா "எழுத்துல குடுங்க, எடுக்க முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு அமைதியா கேட்டா கொஞ்சம் அசையும், எங்க அத்தான் மாதிரி சத்தம் போட்டா அசையாது.

ரோட்டுல அடிபட்டவங்களுக்கு மட்டும் நிலைமை பரவால்ல. 2021 டிசம்பர் 18ல தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 தொடங்குனாங்க, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்து நடந்தா முதல் 48 மணி நேரம் பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரில இலவசம். தொடங்குறப்ப ஒரு லட்சம் வரைக்கும்னு இருந்துது. இதுக்கு கார்டு வேண்டாம், வருமானம் வேண்டாம், எந்த ஸ்டேட் ஆளா இருந்தாலும் சரி. பாறசாலைப் பையன் பைக்ல வந்து குழித்துறைல விழுந்தாலும் அவனுக்கு உண்டு, நம்ம பையன் செக்போஸ்ட் தாண்டி விழுந்தா இது இல்ல. ஆனா 2025 மே மாசத்துலருந்து மத்திய அரசோட திட்டம் ஒண்ணு இருக்கு, நாடு முழுக்க, விபத்து நடந்து ஏழு நாள் வரைக்கும் ஒன்றரை லட்சம், அதுக்குன்னு குறிச்ச ஆஸ்பத்திரிகள்ல பைசா கட்டாம. அடிபட்டவரை ஆஸ்பத்திரில கொண்டு சேத்தவங்களைச் சாட்சியா நில்லுன்னு போலீஸ் கட்டாயப்படுத்தவும் முடியாது, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல அவங்களுக்குப் பாதுகாப்பு சேத்து, 2020ல விதியும் போட்டுட்டாங்க. வளைவுல பைக் விழுந்தா சுத்தி நின்னு வீடியோ எடுக்குற நம்ம ஆளுங்க இதைப் படிச்சா நல்லது.

108 பத்தியும் ஒண்ணு. எங்க ஏரியால போன் டவர் எந்தப் பக்கத்தைப் புடிக்குதோ அந்தப் பக்கத்து கண்ட்ரோல் ரூமுக்குப் போயிரும், திடீர்னு மலையாளத்துல எடுப்பாங்க. பயந்து கட் பண்ணாதீங்க, இடத்தோட பேரைத் தெளிவா சொல்லுங்க. வண்டி வந்ததும் எந்த ஆஸ்பத்திரிக்குன்னு சண்டை போடாதீங்க, எங்க வசதி இருக்குன்னு உங்களை விட வண்டில உள்ளவங்களுக்குத் தெரியும், ஏற்கனவே பாக்குற டாக்டர் வேற ஊர்ல இருந்தா அந்தச் சீட்டை மட்டும் கைல எடுத்துக்கோங்க. அது கூட ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டுக் கார்டு மூணும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே கவர்ல போட்டு, பீரோக்குள்ள இல்ல, கதவுக்குப் பக்கத்துல ஆணில மாட்டி வைங்க. பீரோ சாவி தேடுற வீடுகளைப் பாத்து அலுத்துட்டேன்.

இந்த வாரம் நம்ம ஜில்லா பட்டியலை ஸ்பெஷாலிட்டி வாரியா பிரிண்ட் எடுத்து கடை வாசல்ல ஒட்டப் போறேன், எந்த ஆஸ்பத்திரில ராத்திரி கவுண்டர் இருக்குன்னு போன் போட்டு விசாரிச்சுட்டு இருக்கேன், ரெண்டு ஆஸ்பத்திரி இன்னும் பதில் சொல்லல. திருவனந்தபுரம் பக்கத்துப் பட்டியல் அக்கா மலையாளத்துல எழுதித் தர்றேன்னு சொல்லிருக்கா. ஜெராக்ஸ் வேணும்னா வாங்க, ரெண்டு ரூபாய், ஞாயித்துக்கிழமை கடை லீவு.